ஜவ்வாது மலையிலிருந்து வாயலூர் வரை: ஒரு தூண்டில் ரீலின் பயணம்

மார்கழிக் காலையில் ஜமுனாமரத்தூரில் எழுந்திருப்பதே ஒரு வேலை. போர்வைக்கு வெளியே கை நீட்ட மனம் வராது. டீக்கடை வாசலில் நிற்பவர்களின் வாயிலிருந்து பேச்சோடு புகையும் வரும். கோலப்பன் ஏரிப் பக்கம் போனால் தண்ணீரே தெரியாது. அதன் மேல் பனி படுத்திருக்கும். வெயில் ஏற ஏறத்தான் முதலில் படகுகள் தெரியும், பிறகு கரை, பிறகு எதிர்ப்புற மரங்கள்.

இந்த மலையில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். சாமை வயல், தேன், புளி, பலா என்று மலையாளி பழங்குடி மக்களின் வாழ்க்கை பருவத்தோடு நகர்கிறது. காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிகூட இருட்டும்வரை காத்திருந்துதான் கண் திறக்கிறது. தூண்டில்காரருக்கு ஏற்ற ஊர் இது. அவருக்கும் காத்திருப்பதுதானே வேலை!

மூங்கில் குச்சியும் நைலான் நரம்பும் மண்புழுவும் போதும் என்ற காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் பைக்கில் ராடையும் ரீலையும் கட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றும் இளைஞர் கூட்டம் இப்போது எல்லா மாவட்டங்களிலும் உண்டு. வாரக் கடைசியில் மலையடிவார ஏரியில் விரால். பொங்கல் விடுமுறைக்குக் கடற்கரை, அங்கே கொடுவா. இரண்டுக்கும் ஒரே ரீல். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மலையில் பத்து வருடம் உழைக்கக்கூடிய ரீல், கடலுக்கு ஒரே ஒரு முறை போய்வந்து, பத்து நாளில் இறுகிப் போய்விடும். ஏன் அப்படி, அதைத் தடுக்க என்ன வழி என்று தெரிந்துகொள்ள, மலைத் தண்ணீர் போகும் பாதையிலேயே ஒரு முறை போய்வருவது நல்லது.

மலை கொடுக்கும் தண்ணீர்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு ஜவ்வாது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூர் வழியாகவும் ஏறலாம், ஆலங்காயம் வழியாகவும் ஏறலாம். சுற்றுலா வருபவர்கள் பீமன் அருவியில் குளித்துவிட்டு, ஏரியில் படகு விட்டுவிட்டு, தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் கீழே இருக்கும் ஊர்களுக்கு இந்த மலையின் பெரிய கொடை தண்ணீர்.

செய்யாறு பிறப்பது இங்கேதான். செங்கம் பக்கம் அதன் குறுக்கே குப்பநத்தம் அணை. செய்யாற்றோடு சேரும் மிருகண்டா நதிக்கு ஓர் அணை. கமண்டல நாகநதிக்குப் படவேடு அருகே செண்பகத்தோப்பு அணை. மலையைச் சுற்றி மாலை போட்டதுபோல 3 அணைகள்.

மலை ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தால் நாக்கில் எந்த ருசியும் நிற்காது. பாறையிலும் இலைச் சருகிலும் ஊறி வருகிற தண்ணீர். உப்பு மிகக் குறைவு. ஒரு ரீலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நனைந்தால் காயும், காய்ந்த பிறகு உள்ளே எதுவும் மிஞ்சாது. தூசியும் பாசியும்தான் எதிரிகள். ஒரு பழைய துணியால் துடைத்துவிட்டால் போதும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. எங்கே தூண்டில் போடுவதாக இருந்தாலும், ஊர்க்காரரிடமோ குத்தகைதாரரிடமோ வனத்துறையிடமோ முதலில் கேட்டுவிடுவது மரியாதை. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராமல் சுருட்டி எடுத்துவருவதும் அப்படித்தான். பறவையின் காலில் சிக்கினால் அது லேசில் அவிழாது.

உள்ளங்கைக்குள் ஒரு கடிகாரம்

ரீல் புது விஷயம் இல்லை. 1195-ஆம் ஆண்டு வாக்கில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் தனியாகப் படகில் உட்கார்ந்திருப்பவரின் தூண்டிலில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது. ரீலைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று.

இன்று 'பாஸ் ரீல்' என்றும் 'பெய்ட்காஸ்டர்' என்றும் கடைகளில் கேட்டு வாங்குவது அமெரிக்காவில் வளர்ந்த வகை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும்படி பற்சக்கரம் வைத்து ரீல் செய்தார். 1952-இல் அம்பாசடர் என்ற புகழ்பெற்ற ரீலை வெளியிட்ட ஸ்வீடனின் அபு நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்டதுதான். ஆக, ரீல் என்பது தண்ணீருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? அலுமினியச் சட்டம். அலுமினிய ஸ்பூல். பித்தளைப் பற்சக்கரங்கள். ஐந்து முதல் பத்து வரை எஃகு பேரிங்குகள். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் டிராக். ஸ்பூலில் நரம்பைச் சீராக அடுக்குவதற்கு, முன்பக்கம் இடமும் வலமும் ஓடும் சின்ன வழிகாட்டி. எல்லாம் சேர்ந்து சுமார் 200 கிராம்.

'பாஸ்' என்பது அமெரிக்க ஏரிகளில் வாழும் நன்னீர் மீன். அதற்காகச் செய்த ரீலில் எடை குறைய வேண்டும், தூரமாக வீச வேண்டும் என்பதே குறி. பேரிங்குகளைச் சுற்றி இறுக்கமான அடைப்பு கிடையாது. கிரீஸ் குறைவு. தண்ணீர் உள்ளே வந்தால் வெளியே போக ஓட்டைகள் உண்டு. மலை ஏரிக்கு இது சரியான கணக்கு. கடலுக்கு இது தப்புக் கணக்கு.

தண்ணீரோடு கீழே

ஜவ்வாதில் பிறந்த செய்யாறு செங்கத்தைத் தொட்டு, தன் பெயரையே தாங்கிய செய்யாறு ஊரைத் தாண்டி, காஞ்சிபுரம் பக்கம் வருகிறது. பழையசீவரத்துக்கு எதிரே திருமுக்கூடலில் பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்று சேர்கின்றன. அங்குள்ள பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலை பற்றிய 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், மருந்துகள் என்று ஒரு மருத்துவமனையின் கணக்கே கல்லில் கிடக்கிறது. வழியில் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்.

இங்கிருந்து செய்யாற்றுக்குத் தனிப் பெயர் இல்லை, பாலாறுதான். கர்நாடகத்தின் நந்தி மலையில் தொடங்கி 348 கி.மீ. ஓடும் பாலாறு, அதில் 222 கி.மீ.-யைத் தமிழ்நாட்டில்தான் கழிக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோலப் பெருவெள்ளம் வந்தால் மட்டும் கரைக்குக் கரை ஓடும். கடைசியில் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் அருகே, வங்கக் கடலில் கலக்கும்.

வாயலூருக்கும் எதிர்க்கரைக் கடலூர் கிராமத்துக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை நிற்கிறது. இது மாவட்டத் தலைநகரான கடலூர் இல்லை, பாலாற்றங்கரைக் கிராமம். சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியதற்கு இரண்டு காரணங்கள். மழைத் தண்ணீரைத் தேக்கி நிலத்தடியில் இறக்குவது ஒன்று. கடல்நீர் ஆற்று மணலுக்குள் ஊடுருவி வராமல் தடுப்பது இன்னொன்று. ஆற்றில் தண்ணீர் இருக்கும் காலத்தில் அங்கே போய் நின்றால், ஒரு பக்கம் நல்ல தண்ணீர். மறுபக்கம் கடலின் ஏற்றவற்றம் வந்துபோகும் உப்புத் தண்ணீர். நடுவே ஒரு சுவர்.

மீனவர்களுக்குத் தெரியும், அந்த உப்புப் பக்கம்தான் மீன் வந்து நிற்கும் இடம். மடவை, பாறை, செப்பிலி, எல்லாவற்றுக்கும் மேலே கொடுவா. நன்னீரும் உவர்நீரும் கொடுவாவுக்கு ஒன்றுதான். குஞ்சாகக் கழிமுகத்தில் இருந்து, வழி கிடைத்தால் ஆற்றில் ஏறி, வளர்ந்த பிறகு இனப்பெருக்கத்துக்குத் திரும்பவும் முகத்துவாரத்துக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. வடக்கே முட்டுக்காட்டில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான் இந்தியாவில் அதன் வளர்ப்பு சூடுபிடித்தது.

மீன் இரண்டு தண்ணீரையும் தாங்கும். அதைப் பிடிக்க வரும் ரீல்தான் தாங்காது.

ஜாடியில் கசியும் உப்பு

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். போளூர் பக்கம் ஒரு அப்பா, பத்தாவது படிக்கும் மகன். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, மருமகனுக்கு ஒரு பெய்ட்காஸ்டர் ரீல் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு வருடம் அது மலையடிவார ஏரிகளில் அருமையாகச் சுற்றுகிறது. பொங்கல் விடுமுறையில் அப்பாவும் மகனும் கடற்கரைக்குப் போகிறார்கள். அலை தெறிக்கிறது, ரீல் நனைகிறது, சின்னதாக ஒரு கொடுவாவும் கிடைக்கிறது. இரவு களைத்துத் திரும்பி, ராடைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து ஏரிக்குப் போக எடுத்தால்...

"அப்பா, இது சுத்தவே மாட்டேங்குதுப்பா."

"குடு பாக்கலாம். அன்னைக்கு நல்லாத்தானடா சுத்திச்சி?"

"அதாம்ப்பா. ஏரிக்குக்கூட அப்புறம் போவவே இல்ல. சும்மாதான் வச்சிருந்தேன்."

"சும்மா வச்சிருந்ததுதான்டா தப்பு. உப்பு புடிச்சிகிச்சி."

கடலில் நல்லபடியாக வேலை செய்த ரீல், வீட்டு மூலையில் சும்மா இருக்கும்போதுதான் கெட்டது. பலருக்குப் புரியாத இடம் இதுதான்.

சமையலறையில் உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மூடியைத் திறந்தால் உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்த ஈரத்தை அதுவே இழுத்துக்கொண்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அலைத் துளி ரீலுக்குள் போய்க் காய்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். இரவில் காற்றின் ஈரத்தை இழுத்துத் திரும்பவும் உப்புக் கரைசலாகும். பகலில் காயும். இரவில் திரும்பவும் நனையும். கடலிலிருந்து வந்த பிறகும், ரீல் ஒவ்வோர் இரவும் கடலுக்குள் போய்வருகிறது.

அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு, நடுவே உப்பு ஈரம். வேறு வேறு இரண்டு உலோகங்களும் உப்புக் கரைசலும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. மின்சாரம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கான விலையை அலுமினியம் கொடுக்கிறது. மெல்ல மெல்லக் கரைந்து, வெள்ளை மாவுபோலப் பூக்கிறது. கப்பல்களில் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்துவது இதே காரணத்துக்காகத்தான். அரிக்க வேண்டியது அந்தக் கட்டியை அரித்துக்கொள்ளட்டும், கப்பல் பிழைக்கட்டும் என்று. ரீலுக்கு அந்த வசதி இல்லை.

இந்த மாவு பூத்த திருகு கழலாது. பேரிங்கின் குண்டுகள் துருப்பிடித்துக் கரகரக்கும். வழிகாட்டி பாதி வழியில் நின்றுவிடும். அப்பாவும் மகனும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது இதைத்தான்.

அன்று மாலையே பத்து நிமிடம்

இதற்கெல்லாம் மருந்து ரொம்பச் சாதாரணம். நல்ல தண்ணீர். அதுவும் அன்று மாலையே. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு வேலையைத் தொடங்கியிருக்கும். கழுவுவதிலும் ஒரு வரிசை உண்டு.

முதலில் டிராக்கை நன்றாக இறுக்கிவிட வேண்டும். தளர்ந்திருந்தால் அதன் தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து, அடுத்த முறை மீன் இழுக்கும்போது திக்கித் திக்கி விடும்.

பிறகு, பூவாளியில் செடிக்கு ஊற்றுவதுபோல மென்மையாகத் தண்ணீர் விட வேண்டும். பைக் கழுவும் பிரஷர் பைப்பைக் காட்டவே கூடாது. அந்த வேகம் வெளியில் இருக்கும் உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும். பக்கெட்டில் முக்கி வைப்பதும் வேண்டாம். உப்பு கரைந்து, அந்தத் தண்ணீரே பேரிங்குக்குள் போகும். கைப்பிடியை மெல்லச் சுற்றிக்கொண்டே, வழிகாட்டி ஓடும் தண்டு நன்றாக நனையும்படி விடுங்கள். அந்தத் தண்டின் பள்ளங்களில் மணல் நின்றால் பழைய டூத் பிரஷ் உதவும்.

உதறிவிட்டு, பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் தட்டுகள் அமுங்கிப் போகும்.

கடைசியாக எண்ணெய். கைப்பிடிக் குமிழ், வழிகாட்டித் தண்டு, ஸ்பூல் பேரிங் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சொட்டு. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். ரீலுக்கென விற்கும் எண்ணெய் நல்லது. அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். பற்சக்கரங்களுக்கு மட்டும் கிரீஸ். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங்கில் கிரீஸ் பட்டால் அது பிடிக்காமல் வழுக்கும். அங்கே கை வைக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பக்கம் போகவே கூடாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைய ஆரம்பிக்கும். கடற்கரையில் தேங்காய் எண்ணெய் போட்ட ரீலை மார்கழியில் ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மற்ற சமையல் எண்ணெய்களும் நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் துருநீக்கியும் எண்ணெய்க்குப் பதில் ஆகாது. ஈரத்தை விரட்டும், ஆனால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

நரம்பை மறந்துவிடக் கூடாது. பின்னல் நரம்பு என்றால் திரிபோலக் கடல்நீரை உறிஞ்சி, ஸ்பூலின் அடி வரை கொண்டுபோய் வைத்திருக்கும். மேலே எல்லாம் பளபளவென்று இருக்க, நரம்புக்கு அடியில் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஸ்பூலை மட்டும் தனியே கழற்றி நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் காயவைப்பது நல்லது. ஸ்பூலிலேயே பேரிங் இருந்தால், காய்ந்த பிறகு அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

கடலில் நிற்கும்போதும் சில பழக்கங்கள் உதவும். ரீலை மணலில் வைக்கக் கூடாது. நனைந்த கையால் அடிக்கடி தொடுவதைக் குறைத்து, இடுப்பில் ஒரு துண்டு செருகிக்கொள்ளலாம். மெக்னீசியச் சட்டம் என்று பெட்டியில் போட்டிருக்கும் ரீலைக் கடலுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதே மேல். உப்பிடம் அலுமினியத்தைவிட மெக்னீசியம் சீக்கிரம் தோற்கும். மாதம் இரண்டு மூன்று முறை கடலுக்குப் போகிறவர், கடலுக்கென்றே செய்த ரீல் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவது செலவல்ல, சிக்கனம்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது?

இவ்வளவும் சரியாகச் செய்தும் சிலருக்கு ரீல் கெடுவதுண்டு. காரணம், கழுவிய தண்ணீர்.

கடற்கரைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். மேலே மழைத் தண்ணீர் இறங்காமல், கீழே மோட்டார் இழுக்க இழுக்க, அந்த வெற்றிடத்துக்குக் கடல் மெல்ல உள்ளே வரும். அந்தத் தண்ணீரில் ரீலைக் கழுவுவது, உப்பைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் உப்பு தூவுவது மாதிரி. ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுவிட்டு, அதே ஆற்றில் கொஞ்சம் மேலே போய் ரீலை அலசிக்கொள்கிறவர்களும் உண்டு. அங்கேயும் ஏற்றத்தில் கடல் வந்து போயிருக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாயலூர் தடுப்பணையின் அர்த்தம் இங்கே புரியும். ஒரு ரீல் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஒரு ஊரின் கிணறு கரித்துவிட்டால், குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டியது அந்த ஊர்ப் பெண்கள்தான். ரீலுக்குள் போன உப்பும் நிலத்துக்குள் போன உப்பும் ஒரே மாதிரிதான். சத்தமில்லாமல் வரும், தானாகப் போகாது, நல்ல தண்ணீர் வந்து தள்ளினால்தான் போகும். அந்த நல்ல தண்ணீரில் ஒரு பங்கு ஜவ்வாது மலையில் பெய்த மழை.

ஆகவே மலையிலிருந்து கடலுக்குக் கிளம்புகிறவர், சாப்பாட்டு மூட்டையோடு ஒரு 5 லிட்டர் கேனில் ஊர்த் தண்ணீரையும் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிளம்பும் முன் கடற்கரையிலேயே ஒரு முறை மென்மையாக அலசிவிட்டால், வீடு வந்து சேரும் மூன்று நான்கு மணி நேரமும் உப்புக்கு வேலை இருக்காது. வீட்டுக்கு வந்து நிதானமாக இன்னொரு முறை.

இட்லித் தட்டில் ஒரு ஆபரேஷன்

போளூர் வீட்டுக்கு வருவோம். இறுகிப்போன ரீலை என்ன செய்வது?

வேகமாகச் சுற்றிப் பார்ப்பதுதான் முதல் தவறு. பித்தளைப் பல் உடைந்தால் செலவு இரண்டு மடங்கு. நரம்பை உருவிவிட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை விட்டு விட்டு உப்பை இளக்க வேண்டும். கழலாத திருகில் துருநீக்கி ஒரு துளி விட்டு ஓர் இரவு காத்திருக்கலாம். ஸ்ப்ரே டப்பாவுக்கு இங்கேதான் வேலை. திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். இல்லையென்றால் தலை மழுங்கிவிடும்.

திறக்கும்போது ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகங்களை வைக்க வீட்டிலேயே நல்ல பாத்திரம் இருக்கிறது: இட்லித் தட்டு. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது இரண்டாவது குழியில். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து வந்தால் போதும். குழி ஓட்டை போட்டதாக இருந்தால் துணி விரித்துக்கொள்ளுங்கள். தட்டை எடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

"இட்லித் தட்டுல இன்னாடா இரும்பு நாத்தம்?" என்று அம்மா கேட்கத்தான் போகிறார். "தேச்சிக் கழுவிக் குடுத்துடறேம்மா" என்பதைத் தவிர மகனிடம் பதில் இருக்காது.

பற்சக்கரங்களைத் துடைத்துப் புது கிரீஸ் போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். கரகரக்கும் பேரிங் தேறாது. அளவு பார்த்துப் புதிது மாற்றுவதே வழி. அந்த ஒன்றுக்காக முழு ரீலையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஸ்பூலில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள் மட்டும் போகாது. துடைத்தாலும் பள்ளம் இருக்கும். மாமா சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி, "ரீல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "நல்லா சுத்துது மாமா" என்று மகன் சொல்லலாம். அது பொய் இல்லை.

மலையேறும் சாலையில் திரும்பவும் குளிர் வரும். கோலப்பன் ஏரியில் பனி விலகும் நேரத்துக்குப் பீமன் அருவிப் பக்கம் வெயில் விழுந்திருக்கும். ஓடையில் ஓடுகிற தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் பாறை இடுக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கடல் வரை வேலை இருக்கிறது. தூண்டில்காரர் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அடுத்த முறை கடலுக்குக் கிளம்பும்போது, ராடு, ரீல், இரைப் பெட்டி எல்லாம் ஏற்றியாகிவிட்டதா என்று பார்க்கும் கையோடு, தண்ணீர்க் கேன் நிரம்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.